மந்த புத்திக்காரர்களின் நாடு

பழைய ஆதென்ஸ் நகரத்து நாடகாசிரியர்கள் ஜனங்களைச் சிரிக்கவைக்க ஒரு சுலபமான உபாயம் வைத்திருந்தார்கள். பக்கத்து நாடாகிய பியோஷியாவிலிருந்து ஒரு குடியானவனை மேடைக்கு அழைத்துவந்தால் போதும். அரங்கம் முழுவதும் கொல்லென்று சிரிக்கும். பியோஷியர் பெருந்தீனிக்காரர், பேசத் தெரியாதவர், மந்த புத்தியுள்ளவர் என்பது ஆதென்ஸ்வாசிகளின் தீர்ப்பு. 'பியோஷியப் பன்றி' என்று ஒரு வசைமொழியே வழங்கிவந்தது. பிற்காலத்தில் ரோமாபுரிப் பேரறிஞர் ஸிஸரோ இதற்கு வழங்கிவந்த சாஸ்திர காரணத்தையும் எடுத்தெழுதினார். ஆதென்ஸில் காற்று லேசானது, ஆதலால் அங்கே அறிவு கூர்மை; தீப்ஸ் நகரத்தில் காற்று கனமானது, ஆதலால் அங்கே உடல் தடிப்பும் வலிமையும் மட்டுமே உண்டாம்!

சரித்திர பாடம் நடத்துகிற உபாத்தியாயன் என்ற முறையில் எனக்கு இந்த விஷயத்தில் சற்று வெட்கம் உண்டு. எத்தனையோ வருஷங்களாக ஆதென்ஸ், ஸ்பார்ட்டா என்ற இரண்டு பெயர்களோடு கிரேக்க சரித்திரத்தைப் பிள்ளைகளுக்கு முடித்துக் கொடுத்துவிட்டேன். அவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு நாடு இருந்ததென்பதை நானே பிற்பாடுதான் படித்து அறிந்தேன். அதைப்பற்றி உலகம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அண்டை வீட்டார் எழுதிவைத்தது. ஒரு ஜனசமூகத்தின் சரித்திரத்தை அதற்கு வேண்டாதவர் எழுதினால் அது எப்படி இருக்கும் என்பதை நம் தேசத்தாருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, வசைமொழியை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, பியோஷியாவின் மண்ணையும் நீரையும் கல்லையும் சாட்சிக் கூண்டில் ஏற்றிப் பார்ப்போம்.

மலைகளுக்கு நடுவே

ஆதென்ஸிலிருந்து வடமேற்கே, நேர்க்கோட்டில் சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் தீப்ஸ் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பிரதேசமே பியோஷியா. இக்காலத்துக் கிரேக்கர்கள் நாட்டை 'வியோத்தியா' என்றும், நகரத்தைத் 'தீவா' என்றும் உச்சரிக்கிறார்கள். ஏறக்குறைய 2,950 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மாகாணத்துக்கு லிவாதியா என்ற ஊர் தலைநகரம்.

படத்தை விரித்துப் பார்த்தால் இயற்கையே கோட்டை கட்டிவைத்தது போலத் தோன்றும். தெற்கே 1,409 மீட்டர் உயரமுள்ள கிதைரான் மலை; தென்மேற்கே கலைவாணிகள் ஒன்பதுபேர் வாசம் செய்ததாகச் சொல்லப்படும் ஹெலிகான் மலை, 1,749 மீட்டர்; மேற்கு எல்லையில் மாரிக்காலத்தில் பனிமுடி தரித்து நிற்கும் பர்னாஸஸ், 2,457 மீட்டர். ஒரு பக்கம் கொரிந்த் வளைகுடாவும் மற்றொரு பக்கம் யூபியா தீவின் கடற்காலும் இந்நாட்டைத் தொடுகின்றன. நடுவில் அகன்ற சமவெளி.

கிரேக்க தேசத்தின் பெரும்பகுதி கல்லும் முள்ளுமான பூமி. அங்கே கோதுமைக்கும் கால்நடைக்கும் இடங்கொடுக்கிற இத்தகைய சமவெளி அபூர்வம். 'பியோஷியா' என்ற பெயரே மாட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு தொடர்புடையதென்பார்கள். வயிறார உண்பவன் மந்தன் என்று, வயிறார உண்ணக் கிடைக்காதவன் சொன்ன கதைதான் இதுவோ என்று எனக்கு ஒரு சந்தேகம்!

ஆனால் அந்தச் சமவெளியே அந்நாட்டின் விதியாகவும் முடிந்தது. வடக்கேயிருந்து ஆதென்ஸுக்கோ தென்கிரேக்கத்துக்கோ படையெடுத்துச் செல்கிறவன் எவனும் இதைக் கடந்தே செல்லவேண்டும். பாரஸீகர் தோற்ற பிளாட்டேயா (கி. மு. 479), ஸாக்ரடீஸ் போர்வீரராக நின்ற டீலியம் (424), ஸ்பார்ட்டாவின் கர்வம் ஒடுங்கிய லியூக்ட்ரா (371), கிரேக்க சுதந்திரம் அஸ்தமித்த கைரோனியா (338) ஆகிய போர்க்களங்கள் யாவும் இந்தச் சிறு நாட்டுக்குள்ளேதான் இருக்கின்றன. யுத்த தேவனின் நடன மேடை என்று தம் தாய்நாட்டைத் தீப்ஸ் நகரத் தளபதி எப்பாமினாண்டஸ் வருணித்ததாகச் சொல்வார்கள்.

ஏரியை வென்றவர்கள்

மந்த புத்தி என்ற குற்றச்சாட்டுக்கு முதல் மறுப்பைச் சொல்வது கோப்பாயிஸ் ஏரி.

பர்னாஸஸ் அடிவாரத்திலிருந்து வரும் கெபீஸஸ் ஆறு கடலைச் சேர வழியில்லாமல் மலைகளுக்கு நடுவே தேங்கி நின்றதால் உண்டானது இந்த ஏரி. அதற்கு வெளிப்படையான மதகோ கால்வாயோ கிடையாது. சுற்றிலுமுள்ள சுண்ணாம்புப் பாறைகளில் நீர் அரித்த பாதாள வழிகள் உண்டு. அவற்றின் மூலமாகத்தான் தண்ணீர் மலைக்கு அடியில் புகுந்து கடலை அடையும். அந்தத் துவாரங்கள் அடைபட்டால் ஏரி பெருகி வயல்களை விழுங்கும். கோடையில் வற்றிச் சதுப்பாகும். ஏரியின் விலாங்கு மீன்கள் மட்டும் ஆதென்ஸில் பெரும் பிரஸித்தி பெற்றவை.

கி. மு. 14, 13-ஆம் நூற்றாண்டுகளில், அதாவது ஆதென்ஸின் பொற்காலத்துக்கு எண்ணூறு வருஷங்களுக்கு முன்பே, இந்நாட்டார் இந்த ஏரியை வடித்து வயலாக்கினார்கள். ஆற்று நீரை ஏரிக்குள் பரவ விடாமல், வடகரை ஓரமாகக் கால்வாய் வெட்டி, பெருங்கற்களால் கரை கட்டி, வடகிழக்கிலுள்ள பாதாளத் துவாரங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மீட்ட நிலத்தைக் காப்பதற்கு, ஏரியின் நடுவே தீவுபோல் நின்ற ஒரு பாறையின்மேல் கோட்டை எழுப்பினார்கள். கிளா என்று இன்று வழங்கும் அக்கோட்டையின் மதில் சுற்றளவு ஏறத்தாழ 3 கிலோமீட்டர். அங்கே தோண்டியபோது களஞ்சியங்களும், அவற்றில் கருகிப்போன தானியமும் கிடைத்தன. அரசனுடைய ஆடம்பரத்துக்காக அன்று, ஜனங்களுடைய சோற்றுக்காகக் கட்டிய கோட்டை அது.

கி. மு. 1200-ஐ ஒட்டிக் கிளா தீக்கிரையாயிற்று. பராமரிக்க ஆளில்லாமல் கரைகள் சரிந்தன. ஏரி திரும்பி வந்தது. அலெக்ஸாண்டர் காலத்தில் கிராட்டிஸ் என்ற பொறி வல்லுநர் துவாரங்களைத் தூர்வாரத் தொடங்கினார். வேலை நன்றாக நடந்துகொண்டிருந்தபோதிலும், பியோஷிய நகரங்கள் தங்களுக்குள் சண்டையிட்டமையால் அதை நிறுத்திவிட நேர்ந்தது என்று அவரே அலெக்ஸாண்டருக்குக் கடிதம் எழுதினாராம். பூகோள ஆசிரியர் ஸ்ட்ராபோ இதைக் குறித்திருக்கிறார். ஏரியை வெல்லத் தெரிந்த ஜனங்களுக்கு ஒருவரோடொருவர் இணங்கியிருக்கத் தெரியவில்லை. இந்நாட்டின் துக்கக் கதை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

மூவாயிரம் வருஷங்களுக்குப் பிறகு, 1880-களில், முதலில் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியும் பின்னர் ஒரு பிரிட்டிஷ் கம்பெனியும் ஏரியை மறுபடி வடித்தன. வேலை முற்றுப்பெற்றது 1931-ல். சுமார் 200 சதுர கிலோமீட்டர் நிலம் வெளிப்பட்டது. ஆனால் உழுதவன் கிரேக்கன். நிலம் லண்டன் பங்குதாரர்களுடையது. 1950-களின் முற்பகுதியில்தான் அது கிரேக்க சர்க்காரின் கைக்கு வந்தது. அங்கிருந்து வடியும் நீர் சேரும் இலிக்கி ஏரியிலிருந்து, 1950-களின் பிற்பகுதி முதல் ஆதென்ஸ் நகரமே குடிநீர் பெறலாயிற்று. பன்றி என்று ஏசிய வாய்க்குப் பியோஷியா தண்ணீர் கொடுத்தது!

எழுத்தும் கவியும்

கிரேக்கருக்கு எழுத்துக்களைக் கற்றுக்கொடுத்தவன் பினிஷிய தேசத்திலிருந்து வந்து தீப்ஸ் நகரத்தை ஸ்தாபித்த காட்மஸ் என்பது பழைய ஐதிகம். காட்மஸ் கதாபுருஷன்தான், ஆயினும் அவன் பெயரால் 'காட்மீயா' என்று வழங்கும் தீப்ஸ் கோட்டைமேடு, அக்கதையில் ஓர் உண்மை நிழலாடுவதைக் காட்டியிருக்கிறது. 1963-ல் அங்கே அரண்மனையின் இடிபாடுகளைத் தோண்டியபோது, லாபிஸ் லசூலி என்னும் கருநீலக் கல்லில் செதுக்கிய உருளை முத்திரைகள் கிடைத்தன. அவற்றுள் பல பாபிலோனில் செய்தவை. கல்லோ ஆப்கானிஸ்தான மலைகளில் விளைவது. அந்த அரண்மனைக் கணக்கர்கள் களிமண் பலகைகளில் எழுதிவைத்த கணக்குகளும் கிடைத்திருக்கின்றன. இவற்றையெல்லாம் தீப்ஸ் பொருட்காட்சிசாலையில் காணலாம். கீழ்த்திசையின் கல்லும் கலையும் அத்தனை மலைகளையும் கடல்களையும் கடந்து வந்த ஊர் பட்டிக்காடாக இருந்திருக்க முடியுமா?

கவிகளைப் பாருங்கள். ஹெலிகான் அடிவாரத்து அஸ்க்ரா என்ற குக்கிராமத்தில் ஆடு மேய்த்தவர் ஹீஸியட். குளிர்காலத்தில் கொடுமை, கோடையில் கஷ்டம், ஒரு நாளும் சுகமில்லை என்று தம் ஊரையே அவர் நொந்துகொண்டார். ஆயினும் எப்பொழுது உழுவது, எப்பொழுது அறுப்பது, உழைப்பு ஏன் இழிவன்று, லஞ்சம் வாங்கும் நீதிபதிகளை ஏன் தெய்வம் மன்னிக்காது என்றெல்லாம் அவர் பாடியது, ஐரோப்பிய இலக்கியத்தில் குடியானவனின் முதற்குரலாக நிலைத்திருக்கிறது. ஹோமர் அரசர்களைப் பாடினார். ஹீஸியட் கலப்பையைப் பாடினார்.

விளையாட்டு வீரர்களின் வெற்றியைப் பாடிய பெருங்கவி பிண்டார் இந்நாட்டவர். பன்றி என்ற வசையைத் தம் பாட்டிலேயே குறிப்பிட்டு, அது பொய்யென்று காட்டியவர் அவர். தனக்ரா ஊரில் கொரின்னா என்ற பெண்மணி இருந்தாள். அவள் காலத்தைப்பற்றிப் பண்டிதர்களுக்குள் வாதம் உண்டு; பாட்டில் பிண்டாரையே அவள் வென்றாள் என்று யாத்திரிகர் பவுஸானியஸ் எழுதுகிறார். அவள் வென்றதற்கு அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று கவனிக்கத்தக்கது: பிண்டார் பிறர் போற்றிய கவிநடையில் பாடினார், கொரின்னாவோ தன் ஊரார் வீட்டில் பேசும் மொழியில் பாடினாள். எகிப்து தேசத்து மணலில் கிடைத்த கிழிந்த பாப்பிரஸ் ஏடுகளில் அவளுடைய சில அடிகள் இன்றும் உயிரோடிருக்கின்றன.

முப்பத்துமூன்று வருஷங்கள்

கி. மு. 382-ல் ஸ்பார்ட்டா, சமாதான காலத்திலேயே, துரோகிகளின் துணையோடு காட்மீயா கோட்டையைப் பிடித்துக்கொண்டது. மூன்று வருஷம் கழித்து, பெலோப்பிடஸ் முதலிய தேசப்பிரஷ்டர்கள் ஒரு குளிர்கால இரவில் வேடர் போல ஊருக்குள் நுழைந்து, சிலர் பெண்வேஷம் பூண்டு துரோகிகளின் விருந்து மண்டபத்தில் புகுந்து, நகரத்தை மீட்டார்கள். கி. மு. 371-ல் லியூக்ட்ரா வெளியில் எப்பாமினாண்டஸ் ஸ்பார்ட்டாப் படையைச் சந்தித்தார். படையைச் சமமாகப் பரப்பாமல், இடப்பக்கத்தை மட்டும் 50 வரிசை ஆழமாக நிறுத்தி, எதிரியின் பலம் எங்கேயோ அங்கேயே இடித்தார். ஸ்பார்ட்டா அரசன் கிளியாம்பிரோட்டஸ் மாண்டான். தோல்வியறியாத படை என்ற பெயர் ஒரே பகலில் மறைந்தது.

வெற்றியைவிட, வெற்றிக்குப்பின் அவர் செய்த காரியமே பெரிது. ஸ்பார்ட்டா நூற்றாண்டுக் கணக்கில் அடிமைப்படுத்தியிருந்த மெஸ்ஸீனிய ஜனங்களை அவர் விடுவித்து, கி. மு. 369-ல் அவர்களுக்கென்று மெஸ்ஸீனி என்னும் நகரத்தை உண்டாக்கினார். அதன் மதில்கள் இன்றும் நிற்கின்றன. இதே மனிதரை அவருடைய ஊரார் பொறாமையால் தெருக் குப்பையும் சாக்கடையும் கவனிக்கிற உத்தியோகத்தில் ஒருமுறை நியமித்தார்களாம். அவர் முகம் சுளிக்கவில்லை. பதவி மனிதனைக் காட்டுவதுபோல் மனிதனும் பதவியைக் காட்டலாம் என்று சொல்லி, அந்த வேலையைக் கௌரவமுள்ளதாக்கினார்.

ஆயினும் தீப்ஸ் குற்றமற்றதன்று. பாரஸீகர் படையெடுத்தபோது தெர்மாபிலே கணவாயில் ஸ்பார்ட்டா வீரர் முந்நூறுபேரோடு கூடவே நின்று, தெஸ்பியா என்ற பியோஷியச் சிற்றூரார் எழுநூறுபேர் மடிந்தார்கள். அவர்களை நினைப்பவர் சிலரே. தீப்ஸோ அந்நியனோடு சேர்ந்தது. தன் மாகாணத்துச் சிற்றூர்களைச் சகோதரர்களாக நடத்தாமல் குடிபடைகளாக நடத்தியது. பிளாட்டேயாவை அழித்தது, கி. மு. 364-ல் ஆர்க்கோமெனஸ் ஊரின் ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் விற்றது.

கணக்குத் தீரும் நாள் வந்தது. கி. மு. 338-ல் கைரோனியாவில் மாஸிடோனிய அரசன் பிலிப் கிரேக்கரை முறியடித்தான். அவன் மகன் அலெக்ஸாண்டருக்கு அப்போது வயது 18. தீப்ஸின் 'புனித சேனை' முந்நூறுபேரும் நின்ற இடத்தில் விழுந்தார்கள் என்பது வரலாறு. மூன்று வருஷம் கழித்துத் தீப்ஸ் மீண்டும் எழுந்தபோது, அலெக்ஸாண்டர் அதைத் தரைமட்டமாக்கினான். பிண்டாரின் வீட்டை மட்டும் விட்டுவைத்தான். 30,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள் என்பர். நகரத்தை அழிக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, அழிக்கவேண்டும் என்று கையுயர்த்தியவர்களுள் பிளாட்டேயரும் ஆர்க்கோமெனஸ்வாசிகளும் இருந்தார்கள்! வெளிப்பகைவன் கோடரி கொண்டுவந்தான். காம்பு உள்ளூர் மரத்திலிருந்து கிடைத்தது.

கைரோனியாச் சாலையோரத்தில் மூன்று ஆள் உயரமுள்ள கற்சிங்கம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. 1818-ல் துண்டுகளாகக் கண்டெடுத்து, 1902-ல் மறுபடி நிறுத்திய சின்னம் அது. அதன் காலடியில் 254 எலும்புக்கூடுகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. சிங்கத்தின் பீடத்தில் ஓர் எழுத்தும் இல்லை. வீரத்துக்கு ஏற்ற விதி வாய்க்கவில்லை என்பதனால்தான் எழுதவில்லை போலும் என்கிறார் பவுஸானியஸ்.

கொடுத்த சுதந்திரமும் எடுத்த சுதந்திரமும்

கோப்பாயிஸ் கரையிலுள்ள அக்ரேபியா என்ற சிற்றூரில் ஒரு விசித்திரமான கல்வெட்டுக் கிடைத்தது. கி. பி. 67-ல் ரோமாபுரிச் சக்கரவர்த்தி நீரோ கிரேக்கருக்குச் சுதந்திரம் வழங்குவதாகச் செய்த பிரசங்கமும், அதைப் போற்றி ஊரார் நிறைவேற்றிய தீர்மானமும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சில வருஷங்களில் வெஸ்பேஸியன் பட்டத்துக்கு வந்தான். சுதந்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டான். கல் இருந்தது, கல்லில் எழுதியது போயிற்று. தானமாக வந்த சுதந்திரத்தின் ஆயுள் தானம் கொடுத்தவன் ஆயுளே என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

உண்மையான சுதந்திரம் வர இன்னும் பல நூற்றாண்டுகள் ஆயின. துருக்கியரை எதிர்த்த கிரேக்க சுதந்திர யுத்தத்தின் கடைசிச் சண்டை, 1829 செப்டம்பரில், லிவாதியாவுக்கும் தீப்ஸுக்கும் இடையிலுள்ள பெட்ரா என்ற இடுக்கு வழியில் நடந்தது. யுத்த தேவனின் நடன மேடையில் இந்த முறை சொந்த ஜனங்கள் வென்றார்கள். எனினும் துன்பம் ஓய்ந்தபாடில்லை. 1944 ஜூன் 10-ந் தேதி டிஸ்டொமோ என்ற பியோஷியக் கிராமத்தில் ஜெர்மானிய எஸ். எஸ். படையினர் 218 பேரைக் கொன்றார்கள். அவர்களில் கைக்குழந்தைகளும் உண்டு. ஊரை அடுத்த குன்றின்மேல் அவர்களுடைய ஞாபகச் சின்னம் நிற்கிறது.

ஊரைவிட்டுப் போகாதவர்

கடைசியாக ஒருவரைக் கூறி முடிக்கிறேன். கைரோனியாச் சிங்கத்தைத் தினந்தோறும் பார்த்து வளர்ந்தவர் புளூடார்க். கி. பி. 46-ஐ ஒட்டிப் பிறந்தவர். ஆதென்ஸில் படித்தார், ரோமாபுரியில் பிரசங்கம் செய்தார், பெரிய மனிதர்களின் சிநேகம் பெற்றார். எங்கே குடியேறியிருந்தாலும் செல்வாக்காக வாழ்ந்திருப்பார். ஆனால் தம் சிற்றூருக்கே திரும்பி வந்தார். ஊர் ஏற்கெனவே சிறியது, நானும் போய்விட்டால் இன்னும் சிறியதாகிவிடுமே என்பது அவர் சொன்ன காரணம்.

அங்கே அவர் செய்த உத்தியோகங்களில் ஒன்று, பொதுக் கட்டிடத்துக்கு வந்த ஓடுகளை அளப்பதும் கல்லும் சாந்தும் வந்து இறங்குவதைக் கவனிப்பதும். உலகப் புகழ் பெற்றவர் தெருவில் நின்று ஓடு அளப்பதைப் பார்த்துச் சிலர் நகைத்தனர். எனக்காகச் செய்யவில்லை, ஊருக்காகச் செய்கிறேன் என்பது அவர் பதில். எப்பாமினாண்டஸின் சாக்கடை உத்தியோகத்தை நமக்குச் சொல்லிவைத்தவரும் அவரே. தேசம் அப்போது ரோமானியர் ஆட்சியில் இருந்தது. உள்ளூர்ப் பதவி வகிப்பவன் தன் தலைக்குமேல் ரோமானிய அதிகாரியின் பாதரட்சை இருப்பதை மறக்கக்கூடாது என்று அவர் மனம் கசந்து எழுதினார். அந்த நிழலில் உட்கார்ந்துகொண்டே, கிரேக்கப் பெரியார் ஒருவரையும் ரோமப் பெரியார் ஒருவரையும் ஜோடி ஜோடியாக நிறுத்தி, எங்கள் மனிதர் உங்கள் மனிதருக்கு இளைத்தவரல்லர் என்று உலகம் அறிய எழுதிவைத்தார். அந்த நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1579-ல் வெளிவந்தது. ஷேக்ஸ்பியர் தம் 'ஜூலியஸ் ஸீஸர்' நாடகத்துக்குக் கதை எடுத்தது அதிலிருந்துதான்.

ஆதென்ஸ் நாடகக்காரன் சிரித்த சிரிப்பு அடங்கி வெகுகாலமாயிற்று. மந்த புத்திக்காரரின் நாட்டிலிருந்து வந்த ஒருவர் எழுதியிராவிட்டால், அந்த ஆதென்ஸின் பெரியோர்களில் பலருடைய வாழ்க்கையே நமக்குத் தெரியாமல் போயிருக்கும். அடுத்த முறை கிரேக்க சரித்திரம் நடத்தும்போது, படத்தில் ஆதென்ஸுக்கு வடமேற்கே விரல் வைத்துப் பாடத்தைத் தொடங்குவதென்று தீர்மானித்திருக்கிறேன். வகுப்பின் கடைசிப் பெஞ்சியில், பேசத் தெரியாதவன் என்று பெயர் வாங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளை அதைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.